எண்ணூற்றிருபது கிராம்

செத்துப்போன மனிதர் ஒருவர், புதைத்த மூன்றாம் நாள், பட்டப்பகலில், பூட்டிக் கிடந்த என் வீட்டுக்கு வந்து, பூட்டிக் கிடந்த என் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சும்மா போகவில்லை. எங்கள் மில் வழக்கப்படி எடைக்கு எடை வைத்துவிட்டுப் போனார். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இந்தக் கௌரவம் வேறு எவனுக்காவது கிடைத்திருந்தால் வந்து சொல்லட்டும். என் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிடுகிறேன்.

என் பெயர் நாகப்பன். தண்டலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த அட்டை மில்லில் இருபத்தேழு வருஷம் பேப்பர் யார்டு கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். மெட்ராஸில் படித்து முடித்த காகிதம், படிக்காமலே விட்ட காகிதம் எல்லாம் லாரியில் எங்களிடம்தான் வரும். கோர்ட்டுக் கட்டு, பரீட்சை விடைத்தாள், கப்பலேறிப் போன துரைமார் விட்டுவிட்டுப் போன அலமாரிகள். அந்தக் குவியலின் உச்சியில் ஏறி நின்றால் மகாபலிபுரத்துக் கடல் தெரியும் என்று நான் சொல்வதுண்டு. கடல் தெரியாது. ஆனால் காற்று நன்றாக வரும். நேற்றுவரை சட்டப் புத்தகமாக இருந்தது தொட்டியில் ஊறிக் கூழாகி நாளைக்குச் செருப்பு டப்பாவாக வெளியே போகும்.

அந்தக் குவியலிலிருந்துதான் ஐம்பத்தொன்பதாம் வருஷம் என் முதல் ஜாஸ் புத்தகத்தைப் பிடுங்கினேன். அட்டையில் ஒரு கறுப்பு மனிதர், இரண்டு கன்னமும் இளநீர் மாதிரி உப்பி, ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் கன்னத்துக்காகவே எடுத்தேன். பிறகு பித்து பிடித்துவிட்டது. எந்த ஊரில் தொடங்கியது, எந்தக் கப்பலில் ஏறியது, எந்த ஹோட்டலில் இறங்கியது என்று எழுதின பழைய புத்தகம் எது கண்ணில் பட்டாலும் என் பெட்டிக்குள் போய்விடும். பதினாலு வருஷத்தில் நாற்பது சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், நான் ஜாஸ் என்று ஒரு துண்டுகூடக் கேட்டதில்லை. என் வீட்டில் கிராமபோன் கிடையாது. ரேடியோவில் வயலும் வீடும் வரும்.

மில்லில் ஒரு விதி இருந்தது. யார்டிலிருந்து காகிதம் வெளியே போகலாம், ஆனால் அதே எடைக்குக் காகிதம் உள்ளே வரவேண்டும். நான் வீட்டிலிருந்து பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். என் மனைவி ராஜாமணி தொடர்கதையைப் பாதியில் பறிகொடுத்துவிட்டு என்னைத் திட்டுவாள். தராசில் ஒரு தட்டில் என் புத்தகம், மறுதட்டில் அவள் தொடர்கதை. நடுவில் எடைக்காரன் தாண்டவராயன்.

தாண்டவராயனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மணிமங்கலத்து விவசாயக் குடும்பம். மில்லுக்கு வந்தபின் தண்டலத்தில் குடி. ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை. கிரகணத்தின்போது நடுத்தெருவில் நின்று வடை தின்பான். சாமி இல்லை, பேய் இல்லை, சகுனம் இல்லை, தராசு உண்டு. அவன் தட்டில் ஈ உட்கார்ந்தால் ஈயின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவான். ஆகவே தாண்டவராயன் சொன்னால் ஊரே நம்பும். நான் சொன்னால் ஊரே சிரிக்கும். இரண்டுக்கும் எனக்குச் சந்தோஷம்தான், அந்த எழுபத்துமூன்றாம் வருஷப் புரட்டாசி வரைக்கும்.

தாண்டவராயனுக்கு அடுத்த வீட்டில் இருந்தார் மைக்கேல்ராஜ் மாஸ்டர். சாவு பேண்டு செட் வைத்திருந்தவர். ஆறு பேர் கொண்ட செட்டில் கிளாரினெட் அவர் ஒருவர்தான். இளவயதில் மெட்ராஸில் பெரிய ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடும் ஹாலில், ஆங்கிலோ இந்தியர்களுடன் சேர்ந்து ஜாஸ் வாசித்ததாகச் சொல்வார். ஒரு துரை வந்து படம் பிடித்ததாகவும், அது லண்டனில் அச்சான புத்தகத்தில் வந்ததாகவும், பேண்டு லீடர் ஒருநாள் அதைக் கொண்டுவந்து காட்டியதாகவும் சொல்வார். யாரும் நம்பவில்லை. தாண்டவராயன் முகத்துக்கு நேராகவே கேட்பான்:

"மாஸ்டர், ஊருக்கு ஒரு புளுகன் போதும். நாகப்பன் கீறான். நீங்க வேற இன்னாத்துக்கு?"

மாஸ்டர் கோபப்படமாட்டார். என்னைத்தான் பார்ப்பார். "உன் குப்பையில ஒருநாள் வரும், நாகப்பா. வந்தா அது எனக்கு. மத்ததெல்லாம் நீ வெச்சிக்கோ. எம் பொஞ்சாதி லூர்து மேரி ஒருவாட்டி பாத்துட்டா போதும். முப்பது வருசமா அவளே நம்பலே."

"வந்தா உங்களுக்குத்தான் மாஸ்டர்" என்று சத்தியம் செய்திருந்தேன்.

அவருக்கு நெஞ்சில் இளைப்பு வந்து பேண்டுக்குப் போவது நின்றுவிட்டது. ஞாயிறு தோறும் சைக்கிளில் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எனக்கு இங்கிலீஷ் பாதி வரும். மீதியை நான் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் நியூ ஆர்லியன்ஸ் ஊரைப் பற்றி வந்தது. அங்கே சாவு ஊர்வலம் போகும்போது பேண்டு மெதுவாக, அழுகிற மாதிரி வாசிக்குமாம். புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலான பாட்டு. பின்னால் ஜனங்கள் ஆடிக்கொண்டே வருவார்களாம்.

"நம்ம ஊருக்கு நேர் எதிரா கீதே" என்றார் மாஸ்டர். "நாம போகச்சே ஆட்டம். வரச்சே வாயத் தொறக்கமாட்டோம், திரும்பியும் பாக்கமாட்டோம்."

உண்மைதான். வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்களானாலும் எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. புதைத்துவிட்டு வரும்போது திரும்பிப் பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார்.

புத்தகத்தில் அதோடு முடிந்தது. எனக்குப் போதவில்லை. பக்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு சேர்த்தேன்: "அதோட நிக்கல மாஸ்டர். பேண்டு திரும்பச்சே செத்தவனும் எழுந்து பின்னாலயே வருவானாம். உசுரோட இருக்கச்சே கேட்டு கெடைக்காதது எதுனா இருந்தா, அத்த வாங்கிகினு போறதுக்கு."

மாஸ்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்பிடியா எழுதிக்கீது?"

"அச்சுல கீது மாஸ்டர்."

மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டார். "எனக்கும் அப்பிடியே வாசிக்கச் சொல்லிடு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் புத்தகம் வந்தது.

காலை பத்து மணி இருக்கும். கிழிந்த கட்டு ஒன்றிலிருந்து தானாக நழுவி என் காலடியில் விழுந்தது. பச்சைக் காலிகோ துணி ஒட்டின அட்டை. ஜாஸ் எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போயிற்று என்று ஒரு துரை எழுதியது. நடுவில் வழவழப்பான தாளில் மெட்ராஸ் ஹோட்டல் படம். முன்வரிசையில் ஏழு பேர், ஏழு பேருக்கும் பெயர் போட்டிருந்தது. பின்னால் ஒதுங்கி நின்ற எட்டாவது ஆளுக்கு மட்டும் "பெயர் தெரியாத உள்ளூர்க்காரர்" என்று அச்சாகியிருந்தது. ஒல்லிப் பையன். வெள்ளைக் கோட்டு. இடதுபக்கக் காலர் உள்ளே மடிந்துபோயிருந்தது. கிளாரினெட் பிடித்த கையின் சுண்டுவிரலில் துணிக்கட்டு. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். ஞாயிறு தோறும் பார்க்கிற கண்.

உடனே நூல் போட்டுக் கட்டித் தராசுக்குக் கொண்டுபோனேன். தாண்டவராயன் கட்டைப் பிரிக்கவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை. எண்ணூற்றிருபது கிராம். ராஜாமணியின் பத்திரிகைகளை மறுதட்டில் போட்டு, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு நூலில் செருகினான்.

அன்று மாலையே மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, குறைத்துச் சொல்லத்தான் ஆசை. என் நாற்பத்தொன்றில் இதுபோல் ஒன்று கிடையாது. கொடுத்தால் போய்விடும். இன்னும் ஒரு வாரம் வைத்திருந்து படித்துவிட்டுக் கொடுப்போம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

மூன்று ஞாயிறு போனேன். மூன்று தடவையும், நான் உட்காரும் முன்பே கேட்டார்: "வந்துச்சா?"

மூன்று தடவையும் சொன்னேன்: "இன்னும் வர்ல மாஸ்டர்."

நாலாவது ஞாயிறுக்கு அவர் இல்லை. புதன்கிழமை விடியற்காலை போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் மாஸ்டரைச் சவப்பெட்டியில் வைத்தார்கள். லூர்து மேரி அக்கா கிளாரினெட்டைக் கொண்டுவந்து தாண்டவராயன் கையில் கொடுத்தார். "அவரு இல்லாம இத்த யாரு ஊதப்போறாங்க. கூடவே போவட்டும், தம்பி." தாண்டவராயன் தன் கையால் மாஸ்டர் நெஞ்சின்மேல் வைத்தான். மூடியின் ஆறு திருகாணிகளையும் அவனே முறுக்கினான். கடைசித் திருகாணி வரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கல்லறைத் தோட்டம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். போகும்போது செட்டு மெதுவாக வாசித்தது. மண் போட்டு முடித்ததும் ஃபாதர் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். வழக்கப்படி எல்லோரும் வாய்மூடித் திரும்பினார்கள். மூத்த ட்ரம்பெட்காரர் அப்பாவு என்னைப் பார்த்தார்.

"வாசிக்கவா, வேணாவா? இந்த ஊர்ல இப்பிடி யாரும் செஞ்சதில்ல."

"அவரு சொன்ன சொல்லு" என்றேன்.

கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கும் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். இரண்டு ட்ரம்பெட், பெரிய டிரம், சின்ன டிரம், ஜால்ரா. நாலு மணி வெயில். கரைமேல் ஒற்றை வரிசையில் நடந்தோம். யாரும் திரும்பவில்லை. எல்லோருக்கும் கடைசியில் தாண்டவராயன். "நான் திரும்பிப் பாப்பேன், எந்தப் பேயி வருதுன்னு பாத்துர்றேன்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தான்.

மதகைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கிளாரினெட் சேர்ந்துகொண்டது.

முதலில் அப்பாவு ஏதோ ஜாலம் செய்கிறார் என்று நினைத்தேன். முன்னால் போன அப்பாவு பயத்தில் கழுத்து நரம்பு புடைக்க ட்ரம்பெட்டை விடாமல் ஊதுவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்தச் சத்தம் பாட்டோடு போகவில்லை. பாட்டுக்கு முன்னால் ஓடியது, நின்றது, தாமதமாக வந்து பாட்டின் இடுப்பில் கைபோட்டது, நழுவியது, சிரித்தது. நாற்பது புத்தகத்தில் படித்தும் எனக்கு விளங்காதது நாலு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இதுதான் அது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நிறுத்த அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. நிறுத்தினால் பின்னால் வருவது மட்டும் தனியாகக் கேட்கும் அல்லவா? டிரம்காரர் கண்ணை மூடிக்கொண்டே அடித்தார்.

தாண்டவராயன் என்னைத் தாண்டிப் போனான். ஓடவில்லை, வேகமாக நடந்தான். பேண்டையும் தாண்டி, பெரிய டிரம்முக்கு முன்னால் போய்த்தான் வேகத்தைக் குறைத்தான்.

தார்ரோட்டில் ஏறியதும் சத்தம் நின்றது. நான் அவனைப் பிடித்தேன்.

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா இருந்துச்சி?"

"ஏரி இருந்துச்சி. கொக்கு இருந்துச்சி. காத்து மூங்கில்ல பூந்தா சத்தம் வரத்தான் செய்யும்."

அந்தக் கரையில் ஒரு மூங்கில் கிடையாது. எல்லாம் பனை.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ராஜாமணி மணிமங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவுப் பூட்டு நான் போட்டபடி இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் லூர்து மேரி அக்காவிடம் கொடுத்துக் காலில் விழுந்துவிடுவோம் என்று பெட்டியைத் திறந்தேன்.

நாற்பது புத்தகம் அடுக்கியபடி இருந்தது. மேலே பச்சை அட்டை இருந்த இடத்தில் கிளாரினெட் கிடந்தது.

அதன் அடியில் நூலும் எடைச்சீட்டும். நூலில் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை, அறுக்கப்படவும் இல்லை. வட்டமாகக் கட்டின நூல், உள்ளே ஒன்றும் இல்லாமல். கிளாரினெட்டின் விசை இடுக்குகளில் செம்மண். கையில் எடுத்தேன். வாய் வைத்து ஊதும் இடத்தில் ஈரம். கட்டைவிரலால் துடைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஈரம் கசிந்தது, ஊதி முடித்து இப்போதுதான் உதட்டை எடுத்த மாதிரி.

துண்டில் சுற்றிக்கொண்டு மில்லுக்கு நான் சைக்கிள் மிதித்த வேகத்தில் பெங்களூர் பஸ் இரண்டு எனக்கு வழிவிட்டு ஒதுங்கின.

எடைக் கொட்டகையில் தாண்டவராயன் துண்டைப் பிரித்தான். என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அடப்பாவி! குழியத் தோண்டிட்டியா? ஒரு ஊத்துக்குழலுக்காவ?"

"வந்து பாரு" என்றேன்.

உச்சி வெயிலில் ஏரிக்கரைமேல் இரண்டு பேரும் போனோம். கல்லறை மேட்டில் மண்வெட்டியால் தட்டின தடம் அப்படியே காய்ந்து இறுகியிருந்தது. ஏற்றின மெழுகுவர்த்திகள் உருகி, மண்ணையும் பூமாலையையும் சேர்த்து ஒட்டிப் பாளமாகியிருந்தன. எறும்புகள் புற்று வைத்து வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. தாண்டவராயன் குந்தி உட்கார்ந்து மேட்டைச் சுற்றி வந்தான். ஒரு கைப்பிடி மண் கலையவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். திரும்பும்போது முன்னால் நடந்தான்.

கொட்டகைக்கு வந்து கிளாரினெட்டைத் தட்டில் வைத்தான். ஐந்நூறு, இருநூறு, நூறு, இருபது. முள் நடுவில் நின்றது. தட்டை ஊதித் துடைத்தான். தட்டு மாற்றி வைத்தான். முள் நடுவில்தான் நின்றது. பிறகு என் கையிலிருந்த சீட்டை வாங்கி, தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அந்தக் கட்டுல இன்னா புத்தகம் இருந்துச்சி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று ஞாயிறு உட்பட. படத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் விவரிக்கவில்லை. அதற்கு இடம் கொடுக்காமல் கத்தினான்.

"வெச்சிகினே இல்லேன்னியா? கேட்டுகினே செத்தாருய்யா அந்தாளு!" சீட்டைத் தராசுத் தட்டில் அறைந்தான். "அந்தம்மா கிட்ட வந்து சொல்லு. இப்பவே."

"அப்போ செத்தவரு வந்தாருன்னு ஒத்துக்கிறியா?"

"எண்ணூத்தியிருபது கிராம்ல ஆயிரம் சாமான் கீது ஊர்ல" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஐந்து மணிக்கு லூர்து மேரி அக்கா வீட்டில் நின்றோம். கிளாரினெட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் அலறவில்லை. வாய் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நெசமாவே புத்தகத்துல இருந்தாரா?"

"இருந்தாரு அக்கா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"புத்தகம் எங்க?"

"போச்சி அக்கா. அவரே எடுத்துகினு போய்ட்டாரு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருசம் அவரு சொன்னப்போ நான் சிரிச்சேன். இன்னிக்கி நீ சொல்றே. மில்லுக் குப்ப மேல ஏறுனா கடலு தெரியுதுன்னு சொன்னவன் நீ. உன் பேச்ச வெச்சிகினு அவர நம்புறதா, இல்லியா? நான் இன்னா பண்றது, தம்பி?"

வாழ்நாளெல்லாம் நான் விட்ட புளுகு அத்தனையும் அந்த அறைக்குள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. வாய் திறந்தேன். என்ன சொன்னாலும் அது நான் சொன்னதாகத்தானே இருக்கும்?

"படத்துல எப்பிடி இருந்தாரு? அத்தயாவது சொல்லு" என்றார் அக்கா.

நான் சொல்லவில்லை. வாசற்படியில் நின்ற தாண்டவராயன் சொன்னான்.

"வெள்ளக் கோட்டு."

இருவரும் அவனைப் பார்த்தோம். அவன் எங்களைப் பார்க்கவில்லை. கதவு நிலையைக் கையால் பிடித்திருந்தான்.

"ஒல்லிப் பையன். இருவது வயசுகூட இருக்காது. எடது பக்கம் காலரு உள்ள மடிஞ்சிருந்துச்சி. சுண்டுவெரல்ல துணி கட்டிக்கினு, அத்தத் தூக்கிப் புடிச்சே வாசிச்சாரு."

அக்காவின் கை கிளாரினெட்டின்மேல் இறுகியது. "படம் புடிச்ச அன்னிக்கி வெரலு கதவுல மாட்டிக்கிச்சின்னு சொல்வாரு" என்றார். "ராத்திரி பகலா சொல்வாரு. உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அந்தப் புத்தகத்தத் தொறந்தியா?"

"நூலுகூடப் பிரிக்கல அக்கா. எட மட்டும்தான் போட்டேன்."

"பின்ன?"

தாண்டவராயன் கதவு நிலையை விட்டான். எனக்கு நினைவு தெரிந்து அவன் குரல் தராசு மாதிரி ஆடியது அன்றைக்குத்தான்.

"கரைமேல திரும்பிப் பாத்தேன் அக்கா. ஏரியும் கொக்கும்னு இவன் கிட்ட சொன்னது பொய்யி. மதகு மேல, எனக்குப் பத்தடி பின்னால, அந்தக் கோலத்துல வாசிச்சிகினே வந்துகினு இருந்தாரு. மாஸ்டர் சொன்னதும் நெசம். இந்தப் புளுகன் சொல்றதும் நெசம்."